நீலம் ஊறிய அட்டை

என் பீரோவின் அடித்தட்டில், ரேஷன் கார்டுக்கும் பழைய மின்சார ரசீதுகளுக்கும் அடியில், ஒரு தகர டப்பா இருக்கிறது. அதற்குள் ஒரே ஓர் அட்டை. தபால் கார்டைவிடக் கொஞ்சம் பெரியது, தடிமனானது, விளிம்பெல்லாம் பழுப்பேறியது. ஒரு பெண்ணின் பெயர், அவள் கணவன் பெயர், நாகலாபுரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரின் பெயர், இந்த மூன்றையும் தட்டச்சு செய்தவள் நான்தான். கீழே ஓர் இடது கட்டைவிரல் ரேகை. வலது மூலையில் ஒரு துளை. துளையைச் சுற்றி, ஈரமான மோதிரத்தை வைத்து எடுத்ததுபோல ஒரு நீல வளையம். போன வாரம் ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து போன பிறகு இதை வெளியே எடுத்தேன். அவள் எதற்கு வந்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் செக்ரட்டரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எண்பதைத் தாண்டியவளின் ஞாபகம் எந்த நேரத்தில் கடையைக் கட்டும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது நான் சித்தூரில் ஒரு மன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். பெயர்ப்பலகையில் தனிமனித உரிமை என்று தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். ஊரார் அதைப் ‘பர்மிட்டு வாணாம் ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. புத்தூரிலிருந்து திருத்தணிக்கு நெல் ஏற்றிப் போக ஒரு பர்மிட், தறிக்கு நூல் வாங்க ஒரு பர்மிட், கல்யாணத்துக்குச் சர்க்கரை வாங்க ஒரு பர்மிட். எங்கள் மன்றம் இதையெல்லாம் எதிர்த்து நான்கு பக்கத் துண்டுப் பிரசுரங்கள் போடும். திருப்பதியில் ஓர் அச்சகத்தில் அச்சாகி, மூட்டை கட்டி ரயிலில் வரும். விற்கிறவனும் வாங்குகிறவனும் சம்மதித்துவிட்ட பிறகு மூன்றாவது ஆளுக்கு நடுவில் என்ன வேலை என்பதுதான் எல்லாப் பிரசுரத்துக்கும் சாரம். முன்னறையில் ஒரு வாசகசாலை உண்டு. பம்பாயிலிருந்தும் சீமையிலிருந்தும் கனமான பத்திரிகைகள் வரும். அவற்றைப் படிக்க வந்தவர்களைவிட மின்விசிறிக் காற்று வாங்க வந்தவர்களே அதிகம். கட்டடம், நாற்காலி, காகிதம், எங்கள் சம்பளம் எல்லாமே மன்றத் தலைவரான ஒரு கடலை எண்ணெய் மில் முதலாளியின் உபயம்.

மன்றத்துச் செக்ரட்டரிக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். வக்கீலுக்குப் படித்துவிட்டு, நீதிபதிக்கு முன்னால் குனிந்து நிற்கப் பிடிக்காமல் கோட்டைக் கழற்றி வைத்தவர். கொஞ்சம் கோமாளி என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்து கிடக்கிற கதவையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். தன் ஆபீஸ் வாசகசாலைக்கும் அப்படித்தான். எனக்கு வருகிற தபால் கார்டை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி மேஜையில் வைப்பார். சித்தூர் தபால்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் படித்து முடித்த கார்டு அது. சேர்ந்த மாதமே எனக்கு ஒரு நாள் விடுப்புத் தேவைப்பட்டது. தயங்கித் தயங்கி, “சார், நாளைக்கு லீவு வேணும், நகரிக்குப் போகட்டுமா?” என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. “கேக்காதீங்கம்மா, சொல்லுங்க. நாளைக்கு வரமாட்டேன்னு சொல்லுங்க போதும். உங்க நாள் உங்களோடது” என்றார். அன்றிலிருந்து அவரிடம் எதையும் கேட்டதில்லை, சொல்லிவிட்டுச் செய்வேன். அந்தப் பழக்கத்தால் பின்னாளில் கணவர் வீட்டில் எத்தனை சண்டை வந்தது என்பது தனிக் கதை.

அந்தப் பேச்செல்லாம் எனக்குச் சும்மா காற்றில் போகிற பேச்சாக இருக்கவில்லை. எங்கள் நைனா நகரியில் தறிக்காரர். நூல் பர்மிட்டுக்காக அவர் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம் தேறும். வெள்ளைச் சட்டைக்காரர் யார் வந்தாலும் எழுந்து நிற்பார், அவர் குமாஸ்தாவா பியூனா என்றுகூடத் தெரியாமல். அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். அதனால் செக்ரட்டரி எழுதிக் கொடுத்த பிரசுரங்களை மற்ற டைப்பிஸ்டுகள்போல அடிக்கவில்லை, ஆத்திரத்தோடு அடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எல்லைப் பேச்சு சூடுபிடித்தது. எந்தக் கிராமம் ஆந்திராவில், எந்தக் கிராமம் சென்னை ராஜ்யத்தில் என்று விசாரித்து முடிவு சொல்ல ஏற்பாடாயிற்று. இரண்டு பக்கமும் கமிட்டிகள், கூட்டங்கள், கறுப்புக் கொடிகள். ஓர் ஊரின் கணக்குப்பிள்ளையான கர்ணம் ஒரு மனுவில் எங்கள் ஊர் முழுக்கத் தெலுங்கு என்பார். அதே ஊர்க் கோவில் தர்மகர்த்தா இன்னொரு மனுவில் எங்கள் ஊர் முழுக்கத் தமிழ் என்பார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு செக்ரட்டரி கேட்டார்: “இவங்க ரெண்டு பேரும் ஊர்ல இருக்கற ஒரு ஆளையாவது கேட்டாங்களாம்மா?” அப்படிப் பிறந்ததுதான் அட்டை வேலை. ஊர்வாரியாக இல்லை, ஜாதிவாரியாக இல்லை, குடும்பத் தலைவரிடம்கூட இல்லை. ஆளுக்கு ஓர் அட்டை. புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. அதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பெண்களை யாரும் எதையும் கேட்காத காலம் அது.

அட்டையில் பெயர் வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் பேசவே இல்லை. பேசியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் பெயர் இல்லாமல் எழுதுவதற்கு மொட்டைக் கடிதம் என்று பெயர். மொட்டைக் கடிதம் போட்டவனைவிடக் கேவலமானவன் கிடையாது. அதிகாரிகளும் அதைக் குப்பைக் கூடையில்தான் போடுவார்கள். செக்ரட்டரிக்கோ அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. “தன் கருத்துக்குக் கீழ தன் பேரை வெக்கறவன்தான் சுதந்திரமான ஆளு” என்பார். அதனால் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், ஊர், வீட்டு அடையாளம் எல்லாம் அட்டையில் ஏறின. தமிழ் வீடுகளுக்கு நான் தட்டச்சு செய்தேன். தெலுங்கு வீடுகளுக்கு அவரே முத்து முத்தாகக் கையால் எழுதினார். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் அகரவரிசைப்படுத்தி, ஆறு நீண்ட தேக்கு இழுப்பறைகளில் அடுக்கினோம்.

நூல் என் யோசனை. படிக்கத் தெரியாதவரிடம் கேட்டு, ‘சென்னை’ என்றோ ‘ஆந்திரா’ என்றோ நாங்கள் எழுதிக்கொண்டால், சரியாகத்தான் எழுதினோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் அட்டையில் விருப்பத்தை எழுதவே வேண்டாம், மூலையில் துளை போட்டு அவர் கையாலேயே நூலை முடிச்சுப் போட்டுவிடலாம் என்றேன். சென்னைக்கு நீலம், ஆந்திராவுக்குச் சிவப்பு, எங்கேயானாலும் சரி என்பவர்களுக்கு வெள்ளை. செக்ரட்டரி எழுந்து நின்றே விட்டார். “தறிக்காரர் மகளுக்குத்தான் இது தோணும்” என்றார். அந்தப் பாராட்டில் ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இழுப்பறையைத் திறந்தால் போதும், ஓர் ஊர் என்ன நினைக்கிறது என்று நிறத்திலேயே தெரிந்துவிடும். ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதும் அதே வேகத்தில் தெரிந்துவிடும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

நூலை வீட்டிலிருந்தே கொண்டுவந்தேன். தறியில் மீந்த துண்டு நூல், நைனா ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போதே, “இந்த வருசத்துச் சாயம் நிக்காதும்மே. பர்மிட்ல வர்ற சாயம் இப்டித்தான் கீது. ஈரம் பட்டா ஓடிக்கினே இருக்கும்” என்றார். “அட்டய இன்னா தண்ணியிலயா முக்கப் போறேன் நைனா?” என்று சிரித்தேன். அவருடைய அட்டையையும் அன்றே போட்டேன். அவர் வெள்ளை நூலை எடுத்தார். “எந்தப் பக்கம் போனா இன்னா, நூலுக்கு எவன்கிட்டயும் போயி நிக்கக் கூடாது. அத்த எழுதிக்கோ” என்றார்.

ஆறேழு மாதம் அலைந்தோம். நகரி, புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு என்று பஸ் போகிற இடம்வரை பஸ்ஸில், அதற்கப்புறம் நடை. கல்யாணமாகாத பெண் ஒருத்தி ஓர் ஆம்பளையோடு ஊர் ஊராகச் சுற்றுகிறாள் என்று தெரு பேசியது. நைனா பேசவில்லை, அதனால் நானும் சட்டை செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் செக்ரட்டரி ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: “எண்ணிக்கை மட்டுந்தான் வெளிய போகும். உங்க அட்டைய எங்களைத் தவிர வேற யாரும் பாக்கமாட்டாங்க.” பெண்களிடம் அதையே நான் சொல்வேன். மாட்டுக்கொட்டகையிலும் கிணற்றடியிலும் சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

நாகலாபுரம் பக்கத்தில் அப்படி ஒரு மாட்டுக்கொட்டகையில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். அவள் கணவனும் மாமனாரும் கொழுந்தன்மாரும் காலையிலேயே சிவப்பு முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவர்கள் வயலுக்குப் போகும்வரை காத்திருந்து என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டாள். சாணிக் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துவிட்டு நீல நூலை எடுத்தாள். “எங்கம்மா வூடு ஊத்துக்கோட்டை தாண்டி. நடுவுல செக்போஸ்ட் வந்துச்சின்னா இவுரு என்னிய அனுப்பவே மாட்டாரு. இப்பயே வருசத்துக்கு ஒரு தபா” என்றாள். முடிச்சைப் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “இது இவுங்களுக்குத் தெரிஞ்சா என்னிய வூட்ல வெக்க மாட்டாங்க. நெஜமா யாரும் பாக்க மாட்டாங்களே?” நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். அவள் கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினாள். கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தோடு நான் செய்த வேறு எந்தக் காரியத்தையும் நினைத்து இத்தனை வருஷம் வெட்கப்பட்டதில்லை.

எண்ணி முடித்து, எண்ணிக்கையை மட்டும் மனுவாக அனுப்பினோம். பதில் வரவில்லை. ஆனால் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அதுவரை வாசகசாலைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள், பம்பாய்ப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, என் மேஜைக்குப் பின்னாலிருந்த இழுப்பறைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சென்னைப் பக்கத்துக் கமிட்டிக்காரர் ஒருநாள், “பேரோட இருக்குதாமே?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆந்திரப் பக்கத்துக் கமிட்டிக்காரர் மறுநாள் அதையே தெலுங்கில் கேட்டார். எதிர்ச்சாரியில் ஒரு ஜீப் தினமும் நிற்க ஆரம்பித்தது. அதில் யார் இருந்தார்கள் என்று ஒருநாளும் தெரியவில்லை. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. எங்கள் ஆபீஸ் கூரை ஒழுகி, இழுப்பறைக்குப் பின்சுவர் ஈரத்தில் ஊறிப் பூஞ்சணம் பூத்தது. இழுப்பறையைத் திறந்தாலே புழுக்க வாடை அடிக்கும். கூரை ஓடுகளை மாற்றச் சொல்லி செக்ரட்டரி முதலாளிக்கு இரண்டு கடிதம் எழுதினார். இரண்டையும் நானே அடித்தேன்.

ஓடுகளைப் பார்க்க முதலாளி ஆள் அனுப்பவில்லை, தானே வந்தார். கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இழுப்பறைகளைத் தட்டிப் பார்த்தார். தெலுங்கிலும் தமிழிலுமாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். “சாலா மஞ்சி பனி சேசாரு. நல்ல வேலை. ஞாயிறு கழிச்சு என் வண்டி வரும், இதெல்லாம் மில்லுல பத்திரமா இருக்கட்டும். இங்க ஈரம்” என்றார். அவர் புதிதாக ஒரு மில்லுக்கு லைசென்ஸ் கேட்டு நெடுநாளாக அலைந்துகொண்டிருந்தது ஊருக்கே தெரியும். லைசென்ஸே கூடாது என்று எங்களைக்கொண்டு பிரசுரம் போட்டதும் அதே மனிதர்தான்.

சனிக்கிழமை காலை நாகலாபுரத்து அக்கா பஸ் ஏறிச் சித்தூருக்கே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஊருக்குள், சித்தூர்ப் பட்டியல் வெளியே வரப்போகிறது என்று பேச்சு வந்துவிட்டதாம். “என் அட்டைய எடுத்துடு கண்ணு” என்றாள். இழுப்பறையைத் திறந்து எடுத்து நீட்டினேன். தொடப் பயந்தாள். “நான் எங்க கொண்டுபோய் வெப்பேன்? வூட்ல ஒரு பெட்டிகூட எனக்குன்னு கெடயாது. நீயே வெச்சுக்கோ. ஒருத்தர் கண்லயும் படாம வெச்சுக்கோ.” சாப்பாட்டுத் தூக்கைச் சுற்றிவரும் துணியில் அட்டையை நூலோடு மடித்து வைத்தேன். அவள் திரும்பி நடந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்த செக்ரட்டரியிடம் சொன்னேன்: “சார், மத்த அட்டைங்களையும் எரிச்சிடப் போறேன்.” கேட்கவில்லை, சொன்னேன்.

அவர் கலங்கிப்போய்விட்டார். எரிக்கலாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. அட்டை முதலாளியின் காசில் வாங்கியது, மை அவருடையது, இழுப்பறை அவருடையது. இன்னொருவன் சொத்தை நான் நினைத்தபடி அழிக்கலாம் என்றால் பர்மிட் ஆபீசருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். “அந்தக் கட்டைவிரலு யாரு சொத்து சார்?” என்றேன். அவர் அறைக்குள்ளேயே நடந்தார். திறந்த இழுப்பறைக்கு முன்னால் நின்றார். பிறகு சின்னப் பிள்ளைபோல அவர் முகம் மலர்ந்தது. “ஏம்மா, இந்த நூலு யாருது?” நைனா கொடுத்தது என்றேன். “மன்றம் அதுக்கு ஒண்ணும் குடுக்கலியே?” இல்லை என்றேன். “அப்ப அட்டை அவரோடது. நூல் உங்க நைனாவோடது. உங்க பொருளை நீங்க எடுத்துக்கிட்டுப் போறதுக்கு யாரையும் கேக்க வேணாம்.”

விருப்பம் நூலில் மட்டும்தானே இருக்கிறது. நூலை எடுத்துவிட்டால் அட்டை வெறும் பெயர்ப் பட்டியல். அந்தக் கணக்கில் ஒரு பிசகும் எங்களுக்குத் தெரியவில்லை. சனி மதியத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம்வரை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக வெட்டி எடுத்தோம். மழை கொட்டியது. ஒழுகலுக்கு வைத்த வாளி சொட்டுச் சொட்டென்று நிரம்பியது. செக்ரட்டரி நான் பார்த்திராத உற்சாகத்தில் இருந்தார். கடைசி இழுப்பறையை மூடியபோது பை நிறைய மூன்று நிற நூலும் கலந்து கிடந்தது. மேகமூட்டத்தில் அறை இருண்டிருந்தது. விளக்கைப் போட்டு அட்டைகளைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. தறிக்காரர் மகள் நான், எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

திங்களன்று வண்டியோடு முதலாளியும் வந்தார். ஓர் இழுப்பறையை இழுத்தார். நூல் இல்லாததைக் கண்டு அவர் புருவம் உயர்ந்தது. செக்ரட்டரி நிமிர்ந்து நின்று, “நூல் இவங்க வீட்டுப் பொருள், எடுத்துக்கிட்டாங்க. அட்டை உங்களுடையது, இழுப்பறையிலேயே இருக்கு” என்றார். கோர்ட்டில் ஜெயித்த வக்கீல்போல இருந்தது அவர் குரல். முதலாளி ஓர் அட்டையை உருவி, ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவே இல்லை. புன்னகையோடு இரண்டையும் பழைய இடத்திலேயே செருகினார். “பர்வாலேது” என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இழுப்பறைகளை ஏற்றிக்கொண்டு வண்டி தெருமுனை திரும்பியதை வாசலில் நின்று பார்த்தேன்.

யாரையும் யாரும் அடிக்கவில்லை. அடிக்கத் தேவையே இருக்கவில்லை. அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் ஒரு வீட்டு நெல் வண்டி செக்போஸ்டில் மூன்று நாள் நின்று மழையில் முளைவிட்டது. ஒருவர் போட்டிருந்த கிணற்றுக் கடன் மனு காணாமல் போயிற்று. நகரியில் எங்கள் தெருவில் நூல் பர்மிட் சிலருக்கு மட்டும் வந்தது, சிலருக்கு வரவில்லை. வராதவர்கள் எல்லோரும் ஒரே நிற முடிச்சுப் போட்டவர்கள். அது எந்த நிறம் என்று நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இது அந்த நிறத்தைப் பற்றிய கதையாகிவிடும். நைனாவுக்கு மட்டும் நூல் நாள் தவறாமல் வந்தது. அதுதான் எங்களுக்கு வந்த தண்டனை. பட்டியலைச் சித்தூரில் மகள் விற்றுவிட்டாள், அதனால்தான் அப்பனுக்கு நூல் என்று தெருவில் பேச்சு. நைனா தன் நூலில் பாதியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நாற்பது வருஷமாகப் பாவும் ஊடையும் கொடுத்து வாங்கிய வீடு. கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்து தறிக்குழியில் உட்கார்ந்தவர் அன்று மிதிக்கட்டையை மிதிக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தலை வெடித்தது. நூல் என் பையில் இருக்கிறது, அட்டையில் ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் ஆபீசில் தூக்குத் துணியை உதறியபோது அக்காவின் அட்டை ஞாபகம் வந்தது. கைப்பையின் அடியில் மாற்றி வைத்திருந்த அதை எரித்துவிடலாம் என்று எடுத்தேன். எரிப்பதற்கு முன் முடிச்சை வெட்டி நூலை உருவினேன். துளையைச் சுற்றி நீல வளையம். ஈரத்தில் ஊறி நூலின் சாயம் அட்டையில் இறங்கியிருந்தது. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் புரிந்தது. ஆறு இழுப்பறையிலும் நீல நூல் இருந்த இடத்தில் நீலம், சிவப்பு நூல் இருந்த இடத்தில் சிவப்பு. வெள்ளை மட்டும்தான் தடயம் விடவில்லை. ஈரம் பட்டா ஓடிக்கினே இருக்கும் என்ற நைனாவின் குரல் காதில் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

செக்ரட்டரி கதவைத் தட்டிவிட்டு வந்தார். அட்டையை அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். தபால் கார்டை வைப்பதுபோல அதைத் திருப்பி, ரேகையும் வளையமும் கீழே இருக்கும்படி என் மேஜையில் வைத்தார். நூல் யாருடையது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட அந்த முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. “ஒவ்வொருத்தருக்கும் போய்ச் சொல்லணும்மா” என்றார். “யாருக்குன்னு போவீங்க சார்? பட்டியலே நம்மகிட்ட இல்லியே” என்றேன். “ஞாபகம் இருக்கறவங்களுக்கு” என்றார். அன்று மாலைவரை எங்களுக்கு ஞாபகம் வந்த பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்றையும் எழுதவில்லை. மறுநாள் முதலாளிக்கு ஒரு வரிக் கடிதம் அடித்தேன். ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளும்படி செக்ரட்டரி கேட்கவில்லை. போகிறேன் என்று சொல்லியிருந்தார். நானும் அவரோடு வெளியேறினேன்.

அவர் ஊர் ஊராகப் போனார். சில இடத்தில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம், ஓர் ஊரில் நாயை ஏவினார்களாம். எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் இருந்தேன். பர்மிட் நின்றுபோன வீட்டு வாசலில், கதவு திறந்திருந்தும் தட்டிவிட்டு, கை கூப்பி நின்றார். “நான் குடுத்த வாக்கு தப்பிப்போச்சு. இந்தப் பொண்ணு மேல தப்பில்ல” என்றார். உள்ளேயிருந்த தறிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நூலு குடுப்பியா?” என்று கேட்டார். செக்ரட்டரி கூப்பிய கையோடு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. நகரியும் நாகலாபுரமும் ஆந்திராவுக்கு என்றாயின. கோடு போட்டவர்கள் எங்கள் எண்ணிக்கையைப் பார்த்தார்களா என்றே தெரியாது. அட்டைகளை வேறு யாரோ நன்றாகப் பார்த்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். மில் முதலாளிக்கு லைசென்ஸ் வந்தது. நாகலாபுரத்து அக்கா வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் அட்டைதான் இழுப்பறையில் இல்லையே.

செக்ரட்டரியைக் கடைசியாகப் பார்த்தது திருப்பதியில். கல்யாணமாகி, முதல் பிள்ளைக்கு மலையில் மொட்டை போட்டுவிட்டு இறங்கி வந்திருந்தேன். ஒரு சர்க்கார் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்திருந்தார். பர்மிட் வேண்டும், லைசென்ஸ் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறார். கேட்காதீர்கள் சொல்லுங்கள் என்றவர், ‘தயவுகூர்ந்து வேண்டுகிறேன்’ என்று நாளெல்லாம் அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். “பேரு எழுதற இடத்தை மட்டும் நான் அடிக்கறதில்லம்மா, அவங்க கையாலேயே எழுதிக்கச் சொல்லிடறேன். நகல் வெச்சுக்கறதில்ல” என்றார். கிளம்பும்போது மெல்ல, “அந்த அட்டை?” என்றார். இருக்கிறது என்றேன். “எரிக்கலியா?” “அவங்க வெச்சுக்கோன்னு சொன்னாங்க சார்.” தலையை ஆட்டிக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் மனுவோடு நின்றவர் அவசரப்படுத்தினார். அவர் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார்.

போன வாரம் வந்த பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இப்போது வடமாலபேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். காலை பத்து மணி இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் சின்ன மெஷின், இருபது இருபத்திரண்டு வயதுப் பெண். சிரித்த முகம். ஏதோ கணக்கெடுப்பு என்றாள். பெயர் கேட்டாள், வீட்டில் என்ன பாஷை என்று கேட்டாள், அரசு உதவி எதெது வருகிறது என்று கேட்டாள். விரலை வைக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து சிலது நின்றுபோகலாம் என்று தயங்கியபடி சொன்னாள். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, “பயப்படாத ஆயா, எண்ணிக்கைக்கு மட்டுந்தான். வெளிய யாரும் பாக்கமாட்டாங்க” என்றாள்.

அவள் மனமறியப் பொய் சொல்லவில்லை. அந்த வயதில் நானும் சொல்லவில்லை. மாட்டுக்கொட்டகையில் நின்ற அதே உற்சாகம் அவள் கண்ணில் இருந்தது.

“இந்த மெஷினு யாருதும்மா?” என்று கேட்டேன். அவள் அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள், அங்கே யாருடைய பெயராவது எழுதியிருக்கும் என்பதுபோல. ஒன்றும் இல்லை. “தெரியாது ஆயா” என்று சிரித்தாள்.

கட்டைவிரலை வைத்தேன். மாத்திரை வாங்குவதற்கு மகன் கையை எதிர்பார்க்க எனக்குப் பிடிக்காது. தேய்ந்துபோன ரேகை, இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்துக்கொண்டது. அவள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். நான் உள்ளே வந்து பீரோவைத் திறந்து, தகர டப்பாவிலிருந்து அட்டையை எடுத்து ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்தேன். மை மங்கிவிட்டது, நான் அடித்த எழுத்துகள் மங்கிவிட்டன, அக்காவின் ரேகைகூடப் பாதிதான் தெரிகிறது. நிக்காது என்று நைனா சொன்ன அந்த நீலம் மட்டும் கொஞ்சமும் வெளுக்கவில்லை.